பழைய பிரதர் நிட்டிங் மெஷின்: கேரேஜ் பாதியில் நிற்கிறது, ஊசிகள் தலை தூக்குகின்றன

தேவிகுளத்துப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மா வீட்டுக் கட்டிலடியில் பெட்டியோடு கிடந்த நிட்டிங் மெஷினை, "நீ வச்சுக்கோ, இல்லேன்னா ஆக்கர் கடைக்கு, பழைய இரும்புக்குப் போகும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பிரதர் கம்பெனியின் கே.ஹெச்-860, 200 ஊசி, துளை போட்ட அட்டையை உள்ளே விட்டு டிசைன் போடும் வகை. பெரியம்மா ஒரு காலத்தில் இதில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவர். இப்போது கண் சரியில்லை, எதை எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லவும் பாதி மறந்துவிட்டது.

பிரச்சினை இதுதான். கேரேஜை (ஊசிகளின் மேலே இடமும் வலமும் தள்ளி ஓட்டுகிற பாகம்) இடது பக்கத்திலிருந்து தள்ளினால் கொஞ்ச தூரம் போய், பிரேக் போட்டது போல நிற்கிறது. ஊசிகளில் பாதி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, மெஷினை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தானாகச் சறுக்கி வெளியே வருகின்றன. கேரேஜ் மேலே இருக்கிற திருகுக் குமிழ் அசையவே இல்லை. ஊசிகளுக்குக் குறுக்கே ஒரு நீளத் தகடு போகிறது, அதன் ஓரத்தில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ கசிந்திருக்கிறது. போதாக்குறைக்கு யாரோ எப்போதோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள், ஓடுபாதை முழுக்க மஞ்சள் பிசின்.

போடியிலிருந்து ஒரு தையல் மெஷின் மெக்கானிக்கை வரவழைத்தோம். கேரேஜைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இதெல்லாம் ஓடாதும்மா" என்று சொல்லி, பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார். டிசம்பர் குளிருக்கு முன்னால் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு குல்லாவாவது பின்னிவிட முடியுமா? இல்லை, அவர் சொன்னதுதான் சரியா?


வண்டிப்பெரியார்வாசி:

ரொம்ப யோசிக்காதீங்க. டபிள்யூ.டி-40 ஸ்பிரே வாங்கி மேலேயிருந்து கீழே வரை அடிச்சு விடுங்க, ஒரு ராத்திரி ஊறட்டும், காலையில் இழுத்தால் ஓடும். எங்கம்மா லூதியானா கை மெஷின் வைத்திருந்தார்கள், இரும்பு மெஷின், மண்ணெண்ணெயில் துடைத்தே இருபது வருஷம் ஓட்டினார்கள்.


கூடலூர்க்காரி:

வண்டிப்பெரியார் தம்பி கோவிச்சுக்காதீங்க, லூதியானா மெஷினும் இதுவும் வேற வேற ஜாதி. அது ரெண்டு ஊசிப் படுக்கை கூரை மாதிரி சாய்ந்து நிற்கிற கனத்த இரும்பு, அதுக்குள்ளே கெட்டுப்போக ஸ்பாஞ்சு கிடையாது. ஜப்பான்காரன் வீட்டு உபயோகத்துக்குச் செய்த இந்த மெஷினில் ஊசியை அமுக்கிப் பிடிப்பதே ஒரு ஸ்பாஞ்ச் பட்டைதான்.

தங்கச்சி, நீ தார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் அந்த ஸ்பாஞ்ச். செத்துப்போய்விட்டது. அந்த நீளத் தகட்டுக்கு அடியில் இந்த ஸ்பாஞ்ச், நாங்கள் பஞ்சு என்போம், ஒட்டியிருக்கும், அது எல்லா ஊசியையும் மேலேயிருந்து மெதுவாக அழுத்தும், அப்போதுதான் ஊசியின் கால், அதாவது மேலே துருத்தி நிற்கிற பகுதி, கேரேஜுக்குள்ளே இருக்கிற பாதையில் சரியாக நுழையும். பஞ்சு தட்டையானால் ஊசி மூக்கைத் தூக்கும், கால் பாதையில் நுழையாமல் முட்டும், கேரேஜ் நிற்கும். நீ சொன்ன பாதிப் பிரச்சினை இந்த ஒன்றால்தான். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பஞ்சு வயசாகி இற்றுப்போகும், பெட்டியிலேயே இருந்த மெஷினுக்கும் இதே கதி. இது தெரியாமல் எத்தனை பேர் நல்ல மெஷினை எடைக்குப் போட்டிருப்பார்களோ, நினைத்தால் வயிறு எரிகிறது. உங்கள் மெக்கானிக்கைச் சொல்லியும் குற்றமில்லை, தையல் மெஷினில் இப்படி ஒரு சமாச்சாரமே இல்லை.

முதலில் கேரேஜை வெளியே எடு. நடுவில் மாட்டியிருந்தால் முரட்டுத்தனமாக இழுக்காதே, ஊசிக் கால் வளைந்துவிடும். கேரேஜை விடுவிக்கிற வழி மேனுவலில் படத்தோடு இருக்கும், இந்த மாடல்களின் மேனுவலை ஸ்கேன் பண்ணி இலவசமாகவே நெட்டில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் எல்லா ஊசியையும் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளு, அங்கே 'ஏ' என்று குறி இருக்கும். தகட்டின் ஒரு முனையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் நேராகத் தள்ளினால் மறு முனை கொஞ்சம் வெளியே தலை காட்டும், அதைக் குறடால் பிடித்து மெல்ல உருவு. பசை பிடித்து வரமாட்டேன் என்றால் ஸ்பிரிட் சொட்டு விட்டுக் காத்திரு.

தகட்டில் ஒட்டியிருக்கிற பசையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப் பஞ்சு ஒட்டு. ரெடிமேட் பட்டை ஆன்லைனில் இப்போதும் விற்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து தபால் செலவு போட்டால் கண்ணைக் கட்டும். நான் ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற பஞ்சு டேப்பை வாங்கி, அகலத்தை வெட்டி ஒட்டி, மேலே தையல் கடை ரிப்பனை வைத்து ஒட்டிவிட்டேன். ரிப்பன் இல்லாவிட்டால் ஊசிகள் பஞ்சைக் கொத்திக் குதறிவிடும். பஞ்சு அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். செருப்பு ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தால் கேரேஜைத் தள்ளத் தோள் வலிக்கும். திரும்பச் சொருகும்போது பஞ்சு கீழ்ப்பக்கம், ஒரு கையால் ஊசிகளை அமுக்கிக்கொண்டே மறு கையால் தகட்டைத் தள்ளு. சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க ஒரு ஊசியை விரலால் முன்னால் தள்ளிப் பார், லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், தொளதொள என்று வரக்கூடாது.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய் அது. தேவிகுளம் குளிரில் கேட்கவா வேண்டும். வெயில் காலத்தில் கொஞ்சம் இளகும், தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், நாள்பட்டால் வார்னிஷ் ஆகிவிடும். மூட்டு வலிக்குத் தேய்க்க நல்லது, மெஷினுக்கு ஆகாது.


உடுமலை மில்காரன்:

கூடலூர் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் திருப்பூரில் வட்டப் பின்னல் மெஷின் ஓட்டியவன், அந்த அனுபவத்தில் ரெண்டு வார்த்தை.

டபிள்யூ.டி-40 இறுகினதை இளக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. கழுவித் துடைத்த பிறகு தையல் மெஷின் எண்ணெய்தான் தொட வேண்டும், அதுவும் துணியில் நனைத்து ஓடுபாதையிலும் ஊசிக் காலிலும் தடவினால் போதும். ஊற்றினால் முதல் ஸ்வெட்டர் எண்ணெய்க் கறையோடு வரும், அதனால் முதலில் வேண்டாத நூலில் ஒரு முழம் பின்னிக் கழித்துவிடுங்கள்.

குமிழ் அசையவில்லை என்றீர்களே, குறடு போட்டுத் திருகிவிடாதீர்கள், பிளாஸ்டிக், உடைந்தால் இன்னொரு மெஷினை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பிரதர் கம்பெனி 1990களின் கடைசியிலேயே வீட்டு நிட்டிங் மெஷின் செய்வதை நிறுத்திவிட்டது. மொபைல் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ. என்று கேளுங்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், போர்டு கழுவ வைத்திருப்பார்கள். கேரேஜைக் கவிழ்த்து, குமிழின் தண்டு இறங்குகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, இப்படியும் அப்படியும் மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுவிடும். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ, விறகடுப்பு எரிகிற சமையலறையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். எஸ்டேட் லயத்து வீடுகளில் இடம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொக்கிக்குக் கீழே சின்ன நாக்கு ஒன்று கதவு போலத் திறந்து மூடும். ஊதினாலே அசைகிற அளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும், மூடும்போது கொக்கியின் நடுவில் உட்கார வேண்டும், ஓரமாகச் சாய்ந்தால் அந்த ஊசி கண்ணியை (பின்னல் வளையத்தை) விடும். இந்த நாக்கு ஊசிக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் ஊர்க்காரர் மேத்யூ டவுன்சென்ட் 1849இல் பேடன்ட் வாங்கினார், இன்றைக்கும் திருப்பூரில் பனியன் துணி பின்னுவது அதே தத்துவத்தில்தான். ஆனால் எங்கள் மில் ஊசி உங்கள் மெஷினுக்குச் சேராது, அளவே வேற, யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

ஊசி வாங்குவதற்கு முன்னால் ஒரு தந்திரம். 200 ஊசியில் ஓரத்து ஊசிகளுக்கு வேலையே கிடையாது, குல்லாவுக்கு நடுவில் இருப்பதே போதும். நடுவில் வளைந்தது, துருப்பிடித்தது எல்லாவற்றையும் ரெண்டு கோடியிலும் இருக்கிற நல்ல ஊசியோடு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூலும் முக்கியம். ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளி மெஷின் இது. கையால் பின்னுகிற தடித்த உல்லன் உருண்டையைப் போட்டால் கேரேஜ் திணறும், பிறகு மெஷின் சரியில்லை என்பீர்கள். மெல்லிய நூல், கோனில் சுற்றினது நல்லது. உருண்டையாகத்தான் கிடைக்கிறது என்றால் தளர்வாகத் திரும்பச் சுற்றிக்கொண்டு, சுற்றும்போதே மெழுகுவர்த்தித் துண்டில் உரசி விடுங்கள்.


தேவிகுளத்துப்பொண்ணு:

அக்கா, அண்ணா, கேரேஜ் ஓடுகிறது!! தகடு உருவும்போது பஞ்சு அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. டேப் அடிமாலி ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. குமிழ்தான் ரொம்பப் பாடாய்ப் படுத்தியது, கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம், உடைத்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன், பார்த்தால் சுற்றுகிறது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மறந்ததெல்லாம் ஞாபகம் வந்து, என்னை விரட்டுகிறார்கள்.

இப்போது பாக்கி ரெண்டு. ஓரத்துக் கண்ணிகள் தளர்ந்து கழன்றுவிடுகின்றன. அப்புறம் நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு கண்ணி விடுகிறது. துளை அட்டை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.


கூடலூர்க்காரி:

சபாஷ் தங்கச்சி. ஒரே இடத்தில் விடுகிறது என்றால் அந்த ஊசிதான், யோசிக்காமல் மாற்று. தகட்டை அந்த ஊசியைத் தாண்டும் வரை உருவினால் போதும், முழுக்க எடுக்க வேண்டாம். வெவ்வேறு இடத்தில் விட்டிருந்தால் கேரேஜின் முன்னால் ரெண்டு திருகில் நிற்கிற தட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அதன் அடியில் வட்டப் பிரஷ்ஷும் ரப்பர் சக்கரமும் இருக்கும், அதைச் சுற்றிப் பழைய நூல் முடி மாதிரி சிக்கிக்கொண்டு சுற்றவிடாது. எப்படியும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடு, பெரியம்மா காலத்து நூல் கட்டாயம் இருக்கும்.

ஓரக் கண்ணிக்குக் காரணம் பாரம். பெட்டியில் நகம் மாதிரி கொக்கி வைத்த கனமான துண்டுகள் இருக்கிறதா பார், அவற்றைத் துணியின் ரெண்டு ஓரத்திலும் மாட்டி, சில வரிசைக்கு ஒரு தடவை மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். காணோம் என்றால் பெரிய கிளிப்பில் இரும்பு நட்டுகளைக் கட்டித் தொங்கவிடு. நூல் கம்பத்தில், அதாவது மெஷினுக்கு மேலே நூலைத் தூக்கிப் பிடிக்கிற கம்பத்தில், நூல் தளர்ந்து தொங்குகிறதா என்பதையும் பார், வரிசை முடிந்து திரும்பும்போது கம்பத்துக் கம்பி அந்தத் தளர்ச்சியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்றால் ஓரத்தில் வளையம் வளையமாக நிற்கும்.

துளை அட்டைக்கு இப்போது அவசரமில்லை. டிசைன் 24 கண்ணிக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதற்கு உள்ளே ஒரு பெல்ட்டும் கேரேஜும் சேர்ந்து ஓட வேண்டும், அது தனிக் கதை. முதலில் வெறும் பின்னலில் குல்லாவை முடி. மழைக்காலத்தில் மெஷினைத் தரையில் வைக்காதே, பிளாஸ்டிக் உறையை இறுக்கி மூடாதே, உள்ளே வேர்த்து ஊசி துருப்பிடிக்கும். பருத்தித் துணி போர்த்தி, நடுநடுவே கேரேஜை ரெண்டு தடவை ஓட்டிவிட்டால் போதும். அட்டை போடுகிற அன்றைக்கு இதே இழையில் எழுது, அடுப்படி வேலை முடிந்ததும் வந்து பார்க்கிறேன்.