அரசின் வீண்செலவை வெட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கணக்குப்புலி:
நிதியாண்டு முடியும்போது மிச்சப் பணத்தை அடித்துப்பிடித்துச் செலவழிக்காத அரசுத் துறை உண்டா? மிச்சம் வைத்தால் அடுத்த வருட ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம். மேலே இருப்பவருக்குத் துணிச்சல் இருந்தால் இதையெல்லாம் ஒரே வருடத்தில் நிறுத்தலாம்.

நீலமேகம்:
துணிச்சல் மட்டும் போதாது நண்பரே. அமெரிக்காவில் அரசுச் செலவை வெட்டக் கிளம்பிய தொழிலதிபர் எலான் மஸ்க் முதலில் 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்றார். அது 1 லட்சம் கோடியாகி, 2025 ஏப்ரலில் 15,000 கோடிக்கு இறங்கியது. அங்கே பணத்தின் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், ராணுவம், கடன் வட்டிக்குப் போகிறது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பி எவ்வளவு மீட்க முடியும்?

கணக்குப்புலி:
அதற்காக ஆள் பெருகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா? பிரிட்டிஷ் கடற்படை பற்றி பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் காட்டிய கணக்கு இது: 1914இல் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928இல் 20. அதே காலத்தில் தலைமையக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 ஆனார்கள்!

மரத்தடி:
ஆளைக் குறைத்தால் வேலை தானாகக் குறையாது. ஒரு சாதாரணக் கொள்முதல் கோப்பை எடுத்துப் பாருங்கள். கேட்பவர் ஒரு கையெழுத்து, பிரிவுத் தலைவர் ஒன்று, நிதிப்பிரிவு ஒன்று, அப்புறம் தணிக்கைக்கு ஒன்று. எப்போதோ ஒருவர் பணத்தைச் சுருட்டியதால்தான் இந்தக் கையெழுத்துகளில் பலவும் சேர்ந்தன. இப்போது எதை எடுப்பீர்கள்? எடுத்தபின் ஒரு முறைகேடு நடந்தால், எடுத்தவர் தலைதான் உருளும். அதனால் யாரும் தொடுவதில்லை. ஆளை மட்டும் குறைத்தால் கோப்பு அதே மேசையில் இன்னும் பல நாள் கிடக்கும்.

நீலமேகம்:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் வேண்டாத ராணுவத் தளங்களை மூடவே முடியவில்லை. ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் தன் தொகுதித் தளத்துக்காக மல்லுக்கு நின்றார். 1988இல் வழிமுறையை மாற்றினார்கள். தனி ஆணையம் பட்டியல் போடும். காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், முழுப் பட்டியலையும் நிராகரிக்கலாம், ஒன்றை மட்டும் உருவ முடியாது. 2005 வரை ஐந்து சுற்றுகளில் 350க்கும் மேற்பட்ட தளங்கள் மூடப்பட்டன. முறைதான் முக்கியம், வீரம் அல்ல.

கணக்குப்புலி:
முறை நல்ல முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005க்குப் பிறகு ராணுவத் தலைமையகமே பலமுறை கேட்டும் காங்கிரஸ் இன்னொரு சுற்றுக்குச் சம்மதிக்கவில்லையே! அந்த முறையைக் கையில் எடுக்கவே ஒருவருக்குத் துணிச்சல் வேண்டாமா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.