டெல்லி போய்ட்டு வந்தாச்சு, இன்னொரு தடவை மாட்டேன்

தென்காசிக்காரன்:
நவம்பர்ல அப்பா அம்மாவோட நாலு நாள் டெல்லி. சனிக்கிழமை ராத்திரி சென்னைல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி திங்கக்கிழமை காலைல இறங்குனோம். புது டெல்லி ஸ்டேஷன்ல பஹாட்கஞ்ச் பக்கமா வெளிய வந்தா ஒருத்தன் ரயில்வே ஆளு மாதிரியே பேசி, உங்க ஹோட்டல் இருக்குற தெருவுல கலாட்டா, ரோடு மூடிட்டாங்க, வேற ரூம் காட்றேன் வாங்கன்னு இழுக்குறான், அப்பாவுக்கு ஹிந்தி சுத்தமா வராது, தலைய ஆட்டிக்கிட்டே பெட்டிய அவன் கைல குடுக்கவே போய்ட்டாரு. அவன்கிட்ட இருந்து தப்பிச்சு செங்கோட்டை போனா திங்கக்கிழமை லீவாம். காத்து அதுக்கு மேல. காலைல பத்து மணிக்கு சூரியனை வெறும் கண்ணால பாக்கலாம், நிலா மாதிரி தொங்குது. ஹுமாயூன் கல்லறை மட்டும் சும்மா சொல்லக்கூடாது, அருமை. ஆனா மறுபடி போவியான்னா மாட்டேன்.

கரோல்பாக் மாமி:
செங்கோட்டைக்கு திங்கக்கிழமை லீவுங்கறது நேத்து போட்ட ரூல் இல்ல தம்பி, கெளம்பறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு நிமிஷம் பாத்திருக்கலாம். மெட்ரோ இருக்கறது ஸ்டேஷனோட இன்னொரு வாசல், அஜ்மீரி கேட் பக்கம், அந்தப் பக்கம் எறங்கிருந்தா நேரா உள்ள போயிருக்கலாம். தீபாவளி முடிஞ்ச கையோட வந்தா புகைதான் இருக்கும், பஞ்சாப் ஹரியானால வைக்கோல் தாள கொளுத்துவா, குளிர் ஆரம்பிச்சு காத்தும் ஓடாது, எல்லாம் இங்கயே நின்னுடும். மே மாசம் சென்னைக்கு வந்துட்டு வேர்க்கறதுன்னு கத்துவேளா?

முனிர்கா பேச்சிலர்:
மாமி, சென்னைல வேர்த்தா குளிச்சுக்கலாம், இங்க இழுத்த மூச்ச என்ன பண்றது? சீசன் பாத்து வான்னு டூரிஸ்டுக்கு சொல்லலாம், வாடகை குடுத்து இருக்கறவன் நவம்பர்ல எங்க போவான்? வைக்கோல் மட்டும்தான் காரணம்னு சொல்றதும் சரியில்ல, வண்டிப் புகை, கட்டட வேலை தூசி எல்லாம் வருஷம் பூரா இருக்கு. அண்ணன் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா மெட்ரோவ பத்தி ஒரு வார்த்த கூட சொல்லலயேண்ணே, 2002ல ஆரம்பிச்சது, இப்ப நொய்டா குர்கான் வரைக்கும் போகுது.

தென்காசிக்காரன்:
மெட்ரோ சூப்பர், ஒத்துக்கறேன். ஸ்டேஷன் விட்டு வெளிய வந்தாதான பிரச்சினை. குதுப் மினார் ஸ்டேஷன்ல இறங்கி மினாருக்கு ஆட்டோ கேட்டா "மீட்டர் கராப்", வரிசையா நாலு ஆட்டோலயும் அதே. ஒரே நாள்ல அத்தன மீட்டரும் செத்துப்போச்சா??

கரோல்பாக் மாமி:
சென்னை ஆட்டோல மீட்டர் ஓடி நான் பாத்ததில்ல, அதையும் எழுதுங்கோ 😀 எங்காத்துக்காரர் சர்வீஸ்ல இருந்தப்ப வந்தது, முப்பது வருஷமாச்சு, ஒருத்தனும் என்னை ஏமாத்தல. மலை மந்திர் முருகன் கோயிலுக்கு போனேளா?

பிங்க் டிக்கெட்:
முப்பது வருஷம் ஹிந்தி பேசற உங்கள யார் மாமி ஏமாத்துவா, புதுசா இறங்குறவங்களத்தான் மடக்குவாங்க. எனக்கு ஊர் ரெண்டா தெரியுது. மெட்ரோ முதல் பெட்டி லேடீஸ் கோச், அதுல ராத்திரி பத்து மணிக்கும் தூங்கிட்டே வருவேன். ஸ்டேஷன்ல இருந்து ரூமுக்கு எட்டு நிமிஷ நடை, அதுல அம்மாவுக்கு போன் போட்டு பேசிட்டே வருவேன். எடுக்கலன்னா சும்மா காதுல வச்சுகிட்டு நானே பேசிட்டு வருவேன்.

தென்காசிக்காரன்:
மலை மந்திர் போகல மாமி. கடைசி நாள் பங்களா சாஹிப் குருத்வாரா போனோம், தலைல துணி கட்டிட்டு சாப்பிட தரைல வரிசையா உக்காந்தோம். அம்மா ரொட்டிக்கு ஒத்த கைய நீட்ட, பரிமாறுன பெரியவர் போடாம நின்னு, ரெண்டு கையயும் சேத்துக் காட்டி சிரிச்சாரு. அம்மா ரெண்டு கையும் ஏந்துன பிறகுதான் போட்டாரு. காசு கிடையாது, நீ யாருன்னு கேள்வி கிடையாது. ஊருக்கு வந்து எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்றது அந்த ரொட்டி கதைதான், அந்த ஹோட்டல் புரோக்கர் கதைய நான்தான் சொல்லிட்டு திரியறேன்.

முனிர்கா பேச்சிலர்:
அப்ப அம்மாவ மட்டும் மார்ச்ல அனுப்புங்கண்ணே, இலவம்பூ ரோடு பூரா சிவப்பா கொட்டிக் கெடக்கும்.

கரோல்பாக் மாமி:
செவ்வாய்க்கிழமை வந்து எறங்கற மாதிரி டிக்கெட் போடச் சொல்லு.