சலாகை இருந்தது, பெயர் இல்லை: ஆர் மொழியில் வரைபு கீறிய அனுபவங்கள்

களுவாஞ்சிகுடி, புள்ளிவிபர வேலை

போன கிழமை ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஆரில கணக்கு சரியா வருது. படம்தான் வடிவா வருதில்ல. எக்செல்லயே கீறி ஒட்டவா?" ஆர் (R) என்பது புள்ளிவிபரக் கணக்குக்கும் வரைபுக்கும் பாவிக்கிற கணினி மொழி. வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று சொல்ல என்னுடைய கதையையே சொல்ல வேண்டியதாயிற்று. அதை இங்கேயும் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு கூட்டத்துக்காகப் பிரிவுவாரியாகச் சலாகை வரைபு போட்டேன். பெயர்களை ஆங்கிலத்தில்தான் கொடுத்திருந்தேன். மண்முனை தென் எருவில் பற்று, கோறளைப்பற்று வடக்கு, மண்முனை தென்மேற்கு என்று எல்லாமே நீளம். அச்சில் பெயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் ஆர் சிலதை எழுதாமலே விட்டுவிடும். வழுச் செய்தி எதுவும் வராது. படத்தில் 14 சலாகை நின்றது, பெயர் ஐந்தோ ஆறோதான். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. திரையில் படம் விழுந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பி, "எங்கட பிரிவு எங்க மகள்?" என்றார். அவருடைய சலாகை அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழே வெறும் இடம். வெல்லாவெளியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து வரைபின் அமைப்புகளை மாற்றுகிற 'பார்' (par) கட்டளையின் உதவிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். 'லாஸ்' என்பது அச்சு எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது. 0 என்றால் அச்சுக்குச் சமாந்தரம், 1 என்றால் எப்போதும் கிடை, 2 என்றால் அச்சுக்குச் செங்குத்து, 3 என்றால் எப்போதும் நிலைக்குத்து. தானாக நிற்பது 0. நான் 2 கொடுத்தேன். எல்லாப் பெயரும் வந்தது, ஆனால் அரைவாசி கீழ் ஓரத்தில் வெட்டுப்பட்டது. அப்போதுதான் ஓரங்களின் அளவைச் சொல்கிற 'மார்' விளங்கியது. கீழ், இடது, மேல், வலது என்ற வரிசையில் 5.1, 4.1, 4.1, 2.1 என்று தானாக இருக்கும். அந்த எண்கள் எழுத்து வரிகளின் கணக்கு, ஒரு வரிக்கு 0.2 அங்குலம். மறுகா வரைபையே படுக்க வைத்தேன்: கிடைச் சலாகை, லாஸ் 1, இடது ஓரம் 12 வரி. பதினான்கு பெயரும் தலையைச் சரிக்காமல் வாசிக்கிற மாதிரி வந்தது. படுக்க வைத்தால் முதல் பெயர் அடியில் போய் நிற்கும். வரிசையைத் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.

வந்தாறுமூலை, விவசாய பீடம் இறுதி வருடம்

அக்கா, இடது ஓரத்தை 12 ஆக்கியதும் எனக்கு 'ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்' என்று சிவப்பில் வந்தது. ஆர் ஸ்டூடியோவில் படம் விழுகிற மூலையை நான் சின்னதாக ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த மூலையை இழுத்துப் பெரிதாக்கினால் சரி. இது தெரியாமல் ஒரு இரவு போனது.

எனக்கு மெய்யாக அடி விழுந்தது சேமிக்கும் இடத்தில். திரையில் ஓரம், எழுத்து எல்லாம் அழகாகத் திருத்தி, பிறகு 'பி.என்.ஜி.' கட்டளையைத் திறந்து அதே வரைபைத் திரும்ப ஓட்டினேன். கோப்பில் வந்தது பழைய படம். ஓரமும் இல்லை, லாஸும் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் விளங்கியது: பார் கட்டளை அந்த நேரம் திறந்திருக்கிற வரைபுத்தளத்துக்கு, அதாவது படம் விழுகிற திரைக்கோ கோப்புக்கோ மட்டும்தான் பொருந்தும். பி.என்.ஜி. திறப்பது புதுத்தளம், அதற்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. முதலில் பி.என்.ஜி., அடுத்து பார், அடுத்து வரைபு, கடைசியாகக் கோப்பை மூடுகிற 'டெவ் ஆஃப்'. இந்த ஒழுங்கை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எழுத்தின் பருமன். படம் தெளிவாக வரட்டும் என்று அகலம் 1890 பிக்சல் கொடுத்தேன். தெளிவாகத்தான் வந்தது, ஆனால் வேர்டில் ஒட்டினால் எழுத்து எறும்பு மாதிரி. மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அச்சில என்ன எழுதியிருக்கு புள்ள?" என்றார். அன்று இருந்து கணக்குப் போட்டேன். நான் 'ரெஸ்' கொடுக்கவில்லை, அதனால் ஆர் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று எடுத்து, 12 புள்ளி எழுத்தை 12 பிக்சலில் வரைந்திருக்கிறது. ஏ4 தாளில் இரண்டு பக்கமும் 2.5 சென்ரிமீற்றர் விட்டால் மிச்சம் 16 சென்ரிமீற்றர். 1890 பிக்சலை அதற்குள் அடக்கினால் அந்த எழுத்து 3 புள்ளிக்கும் குறைவு. யாரால் வாசிக்க ஏலும்? இப்போது அகலம் 16, அலகு சென்ரிமீற்றர், ரெஸ் 300 என்று கொடுக்கிறேன். வேர்டில் ஒட்டிய பிறகு மூலையைப் பிடித்து இழுப்பதே இல்லை. தாளில் எந்த அளவில் நிற்கப் போகிறதோ அந்த அளவிலேயே கீற வேண்டும். இதை முதலாம் வருடத்தில் யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

கல்முனை

நான்கு குளத்து மழைமானிப் பதிவுகளை ஒரே தாளில் இரண்டுக்கு இரண்டாகப் போட்டேன்: உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி. 'எம்.எஃப்.ரோ' கொடுத்தால் நான்கு பெட்டி வந்துவிடும். எழுத்து தானாகவே 0.83 மடங்காகச் சுருங்கும். மூன்று வரி அல்லது மூன்று நிரலுக்குப் போனால் 0.66. அது பரவாயில்லை.

பிழை நிலைக்குத்து அச்சில். ஒவ்வொரு பெட்டியும் தன் தன் தரவைப் பார்த்துத் தன் அளவுத்திட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கொட்டித் தீர்த்த இடமும் சாதாரணமாகப் பெய்த இடமும் ஒரே உயரத்தில் நின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஆள் நான். வீட்டு முற்றத்தில் தண்ணி நின்ற மாதத்தை மற்ற மாதங்களோடு ஒரே உயரத்தில் காட்டுகிற படத்தை என் கையாலே கீறியிருக்கிறேன். நான்கிலும் கூடின பெறுமானத்தை எடுத்து, 0 முதல் அதுவரை என்று எல்லாப் பெட்டிக்கும் 'ஒய்லிம்' (நிலைக்குத்து அச்சின் எல்லை) ஒன்றாகக் கொடுங்கள். ஆரில் வரைபு கீறுகிற ஜிஜிபிளொட்2 பொதியைப் பாவிக்கிறவர்களுக்கு, பெட்டி பெட்டியாகப் பிரிக்கிற 'ஃபசெட் ராப்' இதைத் தானாகவே ஒன்றாக வைத்துத் தரும். அதை நாமாகத் தளர்த்தினால்தான் பிரியும்.

ஒலுவில், ஆய்வுகூட உதவி

எங்கள் கூடத்தில் ஒரு நாள் ஒரே கட்டளைக் கோப்பு இரண்டு கணினியில் இரண்டு நிறம் காட்டியது. பிள்ளைகள் என்னைத்தான் பார்த்தார்கள். ஒன்றில் பழைய ஆர், மற்றதில் 4.0.0க்குப் பிந்தியது. 2020 ஏப்ரலில் வந்த அந்தப் பதிப்பில் தானாக வரும் நிறத்தொகுதியையே மாற்றினார்கள். கண்ணைக் குத்துகிற பழைய சிவப்பு, பச்சைக்குப் பதிலாகத் தணிந்த நிறங்கள். பெட்டி வரைபின் (பொக்ஸ்பிளொட்) பெட்டிக்குள்ளும் வெள்ளை போய் இளஞ்சாம்பல் வந்தது. பழையதுதான் வேண்டும் என்றால் 'பாலெட்' கட்டளைக்கு 'ஆர்3' என்று கொடுக்கலாம். நான் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. நிறத்தைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், எந்தக் கணினியிலும் மாறாது.

இன்னொன்று. பாரை மாற்ற முதல் பழையதை ஒரு பெயரில் எடுத்து வையுங்கள், 'நோ ரீட்ஒன்லி' என்பதை உண்மை என்று கொடுத்து. வேலை முடிந்ததும் அதைத் திருப்பிப் போடுங்கள். ஒருவர் நான்கு பெட்டியாகப் பிரித்துவிட்டு எழும்பிப் போக, அடுத்து வந்த பிள்ளை தன்னுடைய படம் ஏன் மூலையில் குந்தியிருக்கிறது என்று அழாக்குறையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

காத்தான்குடி, சுகாதாரத் துறை

டெங்கு வரைபு. சிவப்பு ஒரு வருடம், பச்சை ஒரு வருடம். கலர் பிரிண்ட் ஒன்றுதான் எடுத்தோம். மிச்சம் நாற்பது பிரதியும் கடையில் போட்டோகொப்பி. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிப் போனது. எந்த வருடம் கூட என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கலர் பிரதியைக் கையில் வைத்திருந்த ஒருவரும், "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது, நான் சின்னதில இருந்தே அப்படித்தான்" என்றார். அவரோடு பல வருடம் வேலை செய்தும் எனக்கு அது தெரியாது.

இப்போது கோட்டு வரைபில் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. ஒரு கோடு முழுசு, மற்றது விட்டு விட்டு. புள்ளி வடிவமும் வேறு: ஒன்று வட்டம், ஒன்று முக்கோணம். ஆரில் 0 முதல் 25 வரை வடிவங்கள் இருக்கின்றன, 21 முதல் 25 வரையுள்ளவற்றுக்கு உள்நிறம் தனியாகக் கொடுக்கலாம். சலாகைக்கு நிறத்துக்குப் பதில் சரிகோடு போடலாம். நிறம் வேண்டும் என்றால் ஒக்காபே–இட்டோ தொகுதி. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரிந்து தெரியட்டும் என்று இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்தது, ஆர் 4.0.0 முதல் உள்ளேயே இருக்கிறது. குறிவிளக்கப் பெட்டியையும் கூடியவரை தவிர்த்து, கோட்டின் முடிவிலேயே வருடத்தை எழுதிவிடுகிறேன்.

வெல்லாவெளி, ஆசிரியர்

முதல் அக்கா பெயர்களை ஆங்கிலத்தில் போட்டதாக எழுதியிருக்கிறா. தமிழில் போட முயன்ற என் பாட்டைக் கேளுங்கள்.

'பி.டி.எஃப்.' கட்டளையில் தமிழ் எழுத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாக வந்தது. அந்தத் தளம் தானாக எடுக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை. பிறகு ஒரு பொதியைப் போட்டேன். எழுத்து வந்தது, ஆனால் ஊரின் பெயரே சிதைந்து வந்தது. வெல்லாவெளியில் இரண்டு கொம்பு இருக்கிறது அல்லவா? யூனிகோடில் முதலில் 'வ', அதற்குப் பின் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது எழுத்தைக் கோர்க்கிற மென்பொருளின் வேலை. அந்தப் பொதி எழுத்து எழுத்தாகத் தனித்தனியே வரைந்ததால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கியது. அப்படி ஒரு தாளை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

'கைரோ பி.டி.எஃப்.' பாவித்துப் பாருங்கள். படமாக வேண்டும் என்றால் 'ராக்' பொதி. அது ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்தைக் கோர்க்கிறது, கொம்பு, விசிறி எல்லாம் தத்தம் இடத்தில் நிற்கும். எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: விண்டோஸில் நிர்மலா யூ.ஐ. இருக்கும், இல்லை என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: பழைய கோப்புகள் பாமினியில் தட்டச்சு செய்தவை என்றால், ஆர் வாசிப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துக்கள். எழுத்துருவுக்குப் பாமினி என்று கொடுத்தால் படத்தில் தமிழாகத் தெரியும், ஆனால் அகர வரிசையும் தேடலும் பிழைக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நான் மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வகுப்பில் படத்தைக் காட்டியபோது பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள்.

அக்கரைப்பற்று, விவசாய விரிவாக்கம்

நிறம், எழுத்து எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழை. எனக்கு நடந்தது தெரியாத பிழை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெரும்போக வேளாண்மை விளைச்சலை ஜிஜிபிளொட்2இல் பெட்டி வரைபாகப் போட்டேன். ஒன்றிரண்டு புள்ளி மேலே தூரத்தில் நின்றதால் பெட்டிகள் நசுங்கித் தெரிந்தன. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று 'ஒய்லிம்' கொடுத்து மேல்பக்கத்தை வெட்டினேன். படம் வடிவாக வந்தது. 'இத்தனை வரிகள் நீக்கப்பட்டன' என்று ஒரு எச்சரிக்கை ஓடியது, பொருட்படுத்தவில்லை. பிறகு கையால் இடையம் கணித்தால் படத்தில் இருக்கிற கோட்டோடு ஒத்துவரவில்லை. அங்கே ஒய்லிம் என்பது படத்தை மட்டும் வெட்டுவதில்லை. எல்லைக்கு வெளியே நிற்கிற தரவைத் தூக்கி வீசிவிட்டு, மிச்சத்தில்தான் இடையமும் காலணையும் கணிக்கிறது. கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்ப்பதுபோல் வேண்டும் என்றால் 'கோர்ட் கார்ட்டீசியன்' என்பதற்குள் எல்லையைக் கொடுக்க வேண்டும். ஆரின் அடிப்படைப் பெட்டி வரைபில் ஒய்லிம் பார்வையை மட்டும்தான் மாற்றும். ஒரே பெயர், இரண்டு இடத்தில் இரண்டு வேலை. வடிவுக்காகச் செய்த ஒரு திருத்தம் விவசாயிகளின் விளைச்சலையே மாற்றிச் சொல்லியிருக்கும்.

அந்த வரைபை அடிப்படை ஆரில் திரும்பக் கீறினேன், வெளியே நிற்கிற புள்ளிகளோடு. இடது அச்சில் ஹெக்டயருக்கு மெட்ரிக் தொன். எங்கள் பக்கத்தில் யாரும் ஹெக்டயரில் கதைப்பதில்லை, ஏக்கர்தான். ஹெக்டயருக்கு 1 தொன் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 405 கிலோ. அந்தக் கணக்கில் வலது பக்கம் இன்னொரு அச்சு போட்டேன், 'அக்சிஸ்' கட்டளையில் 4 என்று கொடுத்து. வலது ஓரம் தானாக 2.1 வரிதான், தலைப்புக்கு இடம் போதாது. அதை 4.5 ஆக்கினேன்.

கூட்டத்தில் ஒரு வட்டவிதானை (வயல்களுக்குத் தண்ணி பங்கிடுகிறவர்) முன்னுக்கு வந்து வலது அச்சில் விரலை வைத்து நேரே இழுத்துக்கொண்டு போனார். பெட்டிக்கு மேலே தனியாக நின்ற புள்ளியில் விரல் நின்றது. "தம்பி, இது எந்த வயல்?" என்றார். பதிவேட்டைப் பார்த்து அந்த வயல் இருக்கிற வட்டையின் (வயல்வெளியின்) பெயரைச் சொன்னேன். "ஓம், அது வாய்க்கால் தலைப்பு. அங்க தண்ணி முந்தி வரும், அவர் முந்தி விதைச்சவர்" என்றார். அந்தக் கூட்டத்தில் மிச்ச நேரம் முழுக்க வாய்க்காலில் தண்ணி விடுகிற முறையைப் பற்றித்தான் கதைத்தோம்.