சோனி இப்போதெல்லாம் ஏன் விசித்திரமான கேம்களை எடுப்பதில்லை?

கேள்வி:
1999-இல் சோனியின் முதல் கேம் கருவியான பிளேஸ்டேஷனில் 'விப்-ரிப்பன்' என்ற கேம் வந்தது. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, அதன் மேல் நடக்கும் ஒரு முயல், அவ்வளவுதான். ஆனால் கேம் முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடுவதால், டிஸ்கை எடுத்துவிட்டு நம்மிடம் இருக்கும் பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டுக்கு ஏற்பப் பாதையில் பள்ளமும் தடையும் முளைக்கும். இப்படியொரு கேமை வெளியிட்ட சோனி, 2013-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'ஸை 2014-இல் ஒருமுறை, 2022-இல் இன்னொருமுறை மெருகேற்றி விற்கிறது. ஏன்?

பதில் 1:
செலவுதான். கசிந்த ஆவணங்களின்படி 'ஸ்பைடர்-மேன் 2'க்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் ஆனது. அவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு யார் ரிஸ்க் எடுப்பார்கள்?

பதில் 2:
ஒத்துக்கொள்ள மாட்டேன். தொடர்ந்து காசு வரும் என்று லைவ் சர்வீஸ் (வெளியான பிறகும் ஆன்லைனில் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும் கேம்) பக்கம் போய்த்தான் சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்டில் வெளியாகி இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அந்தப் பணத்தில் எத்தனை சின்ன கேம் எடுத்திருக்கலாம்! 'கிராவிட்டி ரஷ்', 'ஏப் எஸ்கேப்' கேம்களைத் தந்த, சோனியின் சொந்த ஜப்பான் ஸ்டூடியோவை 2021-இல் கலைத்ததை என்னால் மன்னிக்கவே முடியாது.

பதில் 3:
சரி, ஆனால் அங்கிருந்து மிஞ்சிய டீம் அசோபிதானே 'ஆஸ்ட்ரோ பாட்' எடுத்து, 2024 கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது? அழகான கேம். விசித்திரமானது என்று மட்டும் சொல்ல மாட்டேன், குதித்துத் தாண்டும் பழைய வகைதான். விசித்திரமான கேம் வேண்டுமென்றால் இப்போது இண்டி (பெரிய கம்பெனியைச் சாராத சின்னக் குழுக்கள் எடுக்கும் கேம்கள்) பக்கம் போவதே நல்லது.