மலை நூலகங்கள்: பூஞ்சணம் முதல் நூலக வரி வரை

கூடலூரிலிருந்து

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இங்கே புத்தகத்துக்கு முதல் எதிரி ராமபாணப் பூச்சி இல்லை, பூஞ்சணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் கூடலூர், தேவாலா பக்கம் சுவரே வியர்க்கும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அந்தக் கண்டம் பெரும்பாலும் அக்டோபரில்தான் முற்றும். அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றாலே பைண்டிங் துணியில் சாம்பல் நிறப் புள்ளி கிளம்பிவிடும். புத்தகத்தின் முதுகைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய ரேக்கின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, சுவரைப் பார்த்திருந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ரேக்கை வெளிச்சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளிப் போடணும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கணும். தட்டில் புத்தகங்களை நெருக்கித் திணிக்கவே கூடாது. இடையில் காற்று ஓடணும். அந்துருண்டை பூச்சியை ஓரளவு விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. அதற்குக் கொடுக்கும் காசில் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை நூலகத்துக்கு வாங்கித் தரலாம்.

கொடைக்கானலிலிருந்து

கூடலூர் அண்ணா சொன்னதோடு தகரக் கூரையையும் சேர்த்துக்கொள்ளணும். ஜனவரி உறைபனிக் காலத்தில் மழையே இருக்காது. ஆனால் ராத்திரி தகரத்தின் அடியில் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டும். நனைவது எப்போதும் மேல்தட்டுதான். அங்கே பெரிய அகராதி, கலைக்களஞ்சியத்தை வைக்காதீர்கள்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்துப் போடுவதுதான் எல்லாரும் செய்வது. அட்டை வளையும், பசை விடும், தாள் மஞ்சளாகும். நிழலில், மின்விசிறிக் காற்றில்தான் உலர்த்தணும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பக்கத்தைப் புரட்டவே கூடாது, கிழியும். முதலில் செங்குத்தாக நிறுத்தி நீரை வடியவிடுங்கள். பிறகு இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். செருகிய தாள்கள் எல்லாம் சேர்ந்து புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கு தடிமனைத் தாண்டினால் முதுகு பிளந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றணும். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் தாள் வேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்ததும் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிக்க வழியே கிடையாது. இரண்டு நாளுக்குள் இதெல்லாம் தொடங்காவிட்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

பூஞ்சணம் பூத்ததை ஈரத்துணியால் துடைத்தால் அது நாருக்குள் இறங்கும். நன்றாக உலரவிட்டு, அது பொடியாக ஆனதும் வெளியே எடுத்துப்போய் முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சில வருடத்தில் டேப் உதிரும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும்.

கோத்தகிரியிலிருந்து

வீடு காலி செய்கிறவர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொண்டுவந்து கிளை நூலக வாசலில் இறக்குகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதில் பாதி நூலகருக்குச் சுமை. பெட்டி அடியில் பூஞ்சணம் இருந்தால் அது அங்கிருந்து மற்ற ரேக்குகளுக்கும் பரவும். முதலில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு போட்டு ஒரு பட்டியல் கொடுங்கள். நூலகர் டிக் அடித்ததை மட்டும் கொண்டுபோங்கள். அன்பளிப்புப் பதிவேட்டில் ஏறி எண் விழாத புத்தகம் இரவலுக்குப் போகாது, மூலையில்தான் கிடக்கும்.

பள்ளிப் பாடநூல் என்றால் 2018 முதல் வந்த புதிய பாடத்திட்டம் மட்டும். டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளைகள் 6 முதல் 12 வரை முழு செட்டாகத் தேடுகிறார்கள். நடுவில் ஒன்று குறைந்தாலும் சிரமப்படுவார்கள். பழைய கைடு வேண்டவே வேண்டாம். ஆனால் ஊர்த் திருவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர், படுகர், தோடர், கோத்தர், இருளர் பற்றி உள்ளூரில் அச்சான சின்னச் சின்னப் புத்தகங்களை ஒருபோதும் எடைக்குப் போடாதீர்கள். அரசுக் கொள்முதலில் அவை வராது. மலையில் அவற்றுக்கு நூலகத்தை விட்டால் வேறு புகலிடம் இல்லை.

ஊட்டியிலிருந்து

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் சந்தாதாரர்களுக்கானது; அரசுப் பொது நூலகம் இல்லை. எல்லாருக்குமானது மாவட்ட மைய நூலகமும் கிளை, ஊர்ப்புற நூலகங்களும். உறுப்பினராக முகவரிச் சான்று நகல், காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா. எல்லாம் சேர்த்தும் ஒரு புதுப் புத்தக விலைக்கு வராது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குன்னூரிலிருந்து

ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆவது நல்லது, கட்டாயம் ரசீது வாங்குங்கள். ஆனால் நாம் எல்லாரும் ஏற்கெனவே நூலகத்துக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி சேருகிறது. 1,000 ரூபாய் சொத்து வரி என்றால் 100 ரூபாய். அதை உள்ளாட்சி வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தணும். பணம் தங்குவது இந்த இடைவழியில்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி போதும்: கடந்த மூன்று நிதியாண்டில் நூலக வரியாக வசூலானது எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு. ஆண்டுவாரியாகக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும், எந்த ஆண்டில் நின்றது என்று தெரியாது. 30 நாளில் பதில் தரணும். கிராமம் என்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தாளை வைத்துத் தீர்மானம் கேட்கலாம்.

கோத்தகிரியிலிருந்து, மறுபடியும்

இதோடு ஒன்று. பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. மாதாமாதம் மேலே போகும் அறிக்கையில் ஏறுவது அந்தக் கையெழுத்தும் இரவல் எண்ணிக்கையும்தான். உள்ளேயே உட்கார்ந்து படிப்பவர்களும் போகும்போது ஒரு புத்தகத்தை இரவலாக எழுதி எடுத்துப்போங்கள். மழைநாளில் பைக்குள் போடுமுன் பிளாஸ்டிக் உறை போடுங்கள், வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடுங்கள். உறைக்குள்ளேயே விட்டால் அதிலும் பூஞ்சணம் வரும்.