செப்பு மொஃப் குளிசை: கடத்துதிறன் 200 மடங்கு குறையக் காரணம் என்ன?

அறிவியல்நகர்:

வணக்கம். யூரியா எறிஞ்ச பிறகு வயலில் எழும் அமோனியாவை அளக்க ஒரு உணரி. இதுதான் இறுதியாண்டுச் செயற்றிட்டம். அதற்கு மின்னைக் கடத்தும் உலோக-சேதனச் சட்டகம் (மொஃப்), செப்பு-எச்.எச்.டி.பி: செப்பு அயன்களை எச்.எச்.டி.பி என்ற சேதன மூலக்கூறு கோர்த்து வாற துளையுள்ள பளிங்கு. செய்முறை இது: எச்.எச்.டி.பி 32 மி.கி, செப்பு அசற்றேற்று ஒற்றைநீரேற்று 40 மி.கி, ஊர் ஆர்.ஓ பிளான்ற் தண்ணி 10 மி.லீ, மூடிய போத்தலில் 85 பாகை, 24 மணித்தியாலம். கருநீலத் தூள் வருது. எஃப்.டி.ஐ.ஆர் (அகச்சிவப்பு நிறமாலை) மாதிரிக்குக் குளிசை அழுத்தும் அச்சில் 13 மி.மீ குளிசையாக அழுத்தினால் தடிப்பு 0.6 மி.மீ. மல்ரிமீற்றர் ஊசியை இரண்டு முகத்திலும் வைத்தால் 48 ஓம். அதாவது சென்ரிமீற்றருக்கு 0.0009 சீமன்ஸ். 2012இல் வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு இதே பொருளின் தனிப் பளிங்குக்கு 0.2 அளவில் எழுதியிருக்கினம். எங்க பிழைக்குது? நிக்கல் வகைக்கு மாறினால் சரிவருமோ?

ஓமந்தை:

தண்ணியிலதான் எனக்குச் சந்தேகம். குடிக்கிற ஆர்.ஓ தண்ணி ஆய்வுகூடத் தண்ணி இல்லை. அயன் நீக்கின தண்ணி எடுங்கோ.

முறிகண்டி:

மாத்தினால் நல்லதுதான், ஆனால் 200 மடங்குக்குத் தண்ணியைக் குற்றம் சொல்லேலாது. 10 மி.லீ ஆர்.ஓ தண்ணியில் இருக்கிற உப்பு சாதாரணமாய் ஒரு மி.கி கூட வராது. எங்கட கிணத்துத் தண்ணியை ஊத்தியிருந்தால் ஓமந்தை சொன்னது சரி; அதில் உள்ள இருகாபனேற்று செப்பைப் பச்சை வீழ்படிவாய் இறக்கிவிடும்.

தம்பி, முதலில் அளவீட்டைப் பாருங்கோ. நீங்கள் போட்ட கணக்கு, குளிசையின் முழு முகத்தாலும் மின் பாயுது என்று எடுத்துக்கொள்ளுது. ஊசி தொடுவது ஒரு புள்ளியை. மின்னோட்டம் அந்த இடத்தில் நெருக்குப்பட்டுத் தடை கூடத் தெரியும். இரண்டு முகத்துக்கும் வெள்ளிப் பசை பூசிக் காயவிட்டு அளவுங்கோ, இல்லையென்றால் மினுக்கின இரண்டு பித்தளைத் தகட்டுக்கு நடுவில் வைத்து இறுக்குங்கோ. இறுக்க இறுக்கத் தடை இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். நின்ற பிறகு வாற எண்ணைத்தான் குறிக்கவேணும். 4, 5 ஓமுக்கு வந்தால் கடத்துதிறன் 0.01; இந்தத் தூளுக்கு அது குறையில்லை.

தனிப் பளிங்கின் எண்ணைக் குளிசையில் எதிர்பார்க்கவும் கூடாது. அழுத்தின தூளில் மின் ஒரு சிறுமணியிலிருந்து அடுத்த சிறுமணிக்குத் தாண்டிப் போகவேணும், தடை முழுக்க அந்த எல்லைகளில்தான். 2014இல் வேதியியலாளர் டிங்காவின் குழு நிக்கல்-எச்.ஐ.டி.பியை (எச்.எச்.டி.பியில் ஒட்சிசன் நிற்கும் இடத்தில் நைதரசன் உள்ள உறவுப் பொருள்) அளந்தபோது சென்ரிமீற்றருக்குக் குளிசை 2 சீமன்ஸ், மெல்லிய படலம் 40. பொருள் ஒன்றுதான்.

தூளிலும் சந்தேகப்பட இடம் இருக்கு. எச்.எச்.டி.பி காற்றுப்பட்டால் ஒட்சியேறிக் கறுக்கும். போத்தலைத் திறந்து திறந்து பாவிச்சிருந்தால் சட்டகம் உருவாகும் முன்னமே ஒரு பங்கு கெட்டிருக்கும். கரைக்கிற தண்ணிக்குள் 20 நிமிடம் நைதரசன் விட்டுப் பிறகு சேருங்கோ. கழுவும்போது வடிதிரவம் நிறமற்றுப் போகும்வரை தண்ணி, கடைசியில் அசற்றோன். வெற்றிடத்தில் 70 பாகையில் ஒரு இரவு காயவிடுங்கோ. சூட்டைக் கூட்டி அவசரப்படுத்த வேண்டாம். எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுப் படத்தில் (பளிங்கு ஒழுங்கைக் காட்டுவது) கோடுகள் 4.7, 9.5, 12.6 பாகைக் கோணத்துக்குக் கிட்ட வரவேணும். 28 பாகையடியில் வருவது அடுக்குகளின் கோடு. அது அகன்று படுத்துக்கிடந்தால் அடுக்கு ஒழுங்காய் நிற்கவில்லை.

இன்னொன்று, வாடைக் காலத்தில் அளந்ததையும் கச்சான் காலத்தில் அளந்ததையும் ஒப்பிடாதையுங்கோ. துளைக்குள் ஏறுகிற நீராவியால் புரோத்தனும் மின்னைக் காவும். ஒரு நிலையான வோல்ற்றளவைப் பத்து நிமிடம் குடுத்துப் பாருங்கோ. மின்னோட்டம் இறங்கிக்கொண்டே போனால் அயன் பங்கு இருக்கு, அசையாமல் நின்றால் இலத்திரன்.

நந்திக்கடல்:

நிக்கலுக்கு மாறுவதை நினைக்கவே வேண்டாம். 2015இல் செப்பு-எச்.ஐ.டி.பி ஒரு பிபிஎம்முக்கும் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) குறைந்த அமோனியாவை உணர்ந்தது. அதே கட்டமைப்பில் உள்ள நிக்கல் வகை அசையவே இல்லை. உணரிக்குக் கடத்துதிறன் பெரிசாய் வேண்டியதில்லை, வாயு பட்டால் தடை மாறவேணும், அவ்வளவுதான். நிக்கல் வகைக்கு உரிய இடம் மின்னேற்றத்தைச் சேமிக்கிற சூப்பர் கொள்ளளவி. 2017இல் கரித்தூள் கலக்காமலே அதில் மின்வாய் செய்து காட்டினவை. அதன் குளிசையை அளப்பதும் மல்ரிமீற்றர் வேலையில்லை: உங்கட அளவில் 0.02 ஓம்தான் வரும், வயரின் தடையே அதைவிடக் கூட. மின்னோட்டத்துக்கு இரண்டு, வோல்ற்றளவுக்கு இரண்டு என்று நான்கு முனை வேணும்.

குளிசையை விட்டிட்டு, தூளை எதனோலில் கலக்கிச் சீப்புப் பல் மாதிரிக் கோர்த்த மின்வாயில் துளி துளியாய் விடுங்கோ. வெறும் செப்புப் பலகையில் வேண்டாம், அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் செப்பு அரிபட்டு நீலமாகும். பொன் பூசின பலகை எடுங்கோ. ஆடுவினோ ஊனோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) தரும் 10 பிற் வாசிப்பில் ஒரு படி 4.9 மில்லிவோல்ற்று. உணரியின் தடைக்குச் சமமான தடையை 5 வோல்ற்றில் தொடராய்ப் போட்டால், தடை 1 வீதம் மாறும்போது வருவது 12 மில்லிவோல்ற்று. இரண்டரைப் படி, இரைச்சலுக்குள் போயிடும். ஏ.டி.எஸ் 1115 என்ற 16 பிற் வாசிப்புச் சில்லைப் பூட்டினால் நூறு படியளவு கிடைக்கும்.

அறிவியல்நகர்:

நன்றி அண்ணா. வாயு சிலிண்டர் இல்லாமல் பிபிஎம் கணக்கை எப்பிடிச் சரிபார்க்கிறது?

நந்திக்கடல்:

25 வீத அமோனியாக் கரைசல் 1 மைக்ரோலீற்றர் முழுக்க ஆவியானால் எங்கட வெக்கையில் 0.33 மி.லீ வாயு. 20 லீற்றர் பாத்திரத்துக்குள் அது 17 பிபிஎம். கண்ணாடிப் பாத்திரம் எடுங்கோ, பிளாஸ்ரிக் சுவரில் அமோனியா ஒட்டும். உள்ளுக்கு ஒரு சின்ன விசிறி வையுங்கோ. அதே அளவு வெறும் தண்ணியைத் தனியாய் விட்டு ஒருக்கா அளந்து அந்த மாற்றத்தைக் கழியுங்கோ. ஈரப்பத உணரி ஒன்றும் பக்கத்தில் ஓடவேணும். யூரியா எறியிறது தண்ணி நிற்கிற வயலில், அங்க ஈரம் ஒருநாளும் ஒரே மாதிரி நிற்காது.