டிமாண்ட் கோடு எப்ப நகரும், எப்ப நகராது? மைக்ரோ எகனாமிக்ஸ் ஃபர்ஸ்ட் செமஸ்டர், யாராவது புரிய வைங்க

செம்பருத்தி:
பி.ஏ. எகனாமிக்ஸ் ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறேன். ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம், பிளஸ் ஒன்லயே தேவை, அளிப்பு, சமநோக்கு வளைகோடு எல்லாம் படிச்சு நல்ல மார்க்கும் வாங்கினேன். இங்கிலீஷ் வார்த்தைங்க ஒரு மாசத்துல பழகிருச்சு, அது பிரச்சனை இல்ல, அப்ப மனப்பாடம் பண்ணி எழுதினதுல பாதி எனக்கு புரியவே இல்லன்னு இப்பதான் தெரியுது, அதுதான் பயமா இருக்கு. இன்டர்னல்ல வந்த கேள்வி, மழையில தக்காளி வரத்து குறைஞ்சா மார்க்கெட்ல என்ன ஆகும், படம் வரைஞ்சு விளக்கணும். நான் எழுதினது: வரத்து குறையும், விலை ஏறும், விலை ஏறினா டிமாண்ட் குறையும், டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும், அதனால கடைசில விலை பழைய இடத்துக்கே வந்துரும். 10க்கு 2 மார்க். டிமாண்ட் வேற, குவான்டிட்டி டிமாண்டட் வேறன்னு மேம் சொன்னாங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நோட்ஸ்ல பாத்தா ஒரு வரிதான் இருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். எலாஸ்டிசிட்டியும் ஸ்லோப்பும் ஒன்னுதானா? அப்புறம் எம்சி (இன்னும் ஒரு யூனிட் கூட தயாரிக்க ஆகுற செலவு) கோடு ஏசி (ஒரு யூனிட்டுக்கு ஆகுற சராசரி செலவு) கோட்ட சரியா அதோட அடிமட்டத்துல போய் வெட்டுதே, அது ஏன்? அண்ணா அக்கா யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

வேம்படி:
தங்கச்சி, நீ மாட்டின இடம் ரொம்ப முக்கியமான இடம், நிறைய பேர் தேர்ட் இயர் வரைக்கும் இதே தப்போட வர்றாங்க. டிமாண்ட்னா ஒரு எண் இல்ல, அது முழு லிஸ்ட். கிலோ 20 ரூபான்னா உங்க அம்மா 3 கிலோ வாங்குவாங்க, 40ன்னா 2 கிலோ, 80ன்னா அரை கிலோ வாங்கி புளிய கூட போட்டு சமாளிப்பாங்க. இந்த லிஸ்ட் மொத்தமும்தான் டிமாண்ட், அதுதான் அந்த கோடு. விலை 40ல இருந்து 80க்கு போனா லிஸ்ட் மாறல, லிஸ்ட்ல வேற வரிக்கு போயிருக்கீங்க, அவ்வளவுதான். அதாவது குவான்டிட்டி மாறுச்சு, கோடு அங்கயேதான் நிக்குது.

தக்காளி கேள்வில மழை கெடுத்தது யாரோட லிஸ்ட்ட? விவசாயி, வியாபாரியோட லிஸ்ட்ட. அதனால சப்ளை கோடு மட்டும் இடது பக்கம் நகரும். பழைய விலைல கேக்குறவங்க அதிகம், சரக்கு கம்மி, அதனால விலை ஏறும், ஏற ஏற வாங்குறவங்க அவங்க கோட்டு மேலயே மேல ஏறி அளவ குறைச்சுக்குவாங்க, ரெண்டு கோடும் சந்திக்கிற புது இடத்துல நின்னுரும். நீ எழுதின "டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும்"ங்கிற வரில மக்கள் வாங்குறத குறைச்சுக்கிட்டத ரெண்டாவது தடவ எண்ணிட்ட. டிமாண்ட் கோடு நகரணும்னா விலைய தவிர வேற ஏதாச்சும் மாறணும்: வருமானம், மத்த பொருளோட விலை, ருசி, கல்யாண சீசன் மாதிரி.

இன்னொன்னும் சொல்லிடுறேன், பலரும் குழம்புற விஷயம். கணக்குல காரணம் எக்ஸ் அச்சுல வரும், இங்க விலை ஒய் அச்சுல இருக்கு. 1890ல வந்த பொருளாதார அறிஞர் மார்ஷலோட புத்தகத்துக்கு அப்புறம் அதுவே பழக்கமாயிருச்சு, உன் மேல தப்பில்ல.

டீக்கடை பெஞ்ச்:
எலாஸ்டிசிட்டி நான் சொல்றேன், நான் பிகாம், இது சாப்டர்ல எனக்கு ரொம்ப பிடிச்சது. ஸ்லோப்பும் அதுவும் ஒன்னு இல்ல. ஸ்லோப் கோட்டோட சாய்வு, எலாஸ்டிசிட்டி விலை ஒரு சதவீதம் மாறினா வாங்குற அளவு எத்தனை சதவீதம் மாறுதுங்கிறது. ஒரு டீக்கடைய எடுத்துக்கோங்க, டீ 10 ரூபாக்கு 200 போகுது, 12 ஆக்கினா 180 போகுது. விலை ஏறினது 20 சதவீதம், அளவு குறைஞ்சது 10 சதவீதம், அதனால எலாஸ்டிசிட்டி 0.5. கல்லாவுல 2000 இருந்தது 2160 ஆச்சு. இதே நேர்கோட்டுல மேல போங்க, 20 ரூபான்னா 100 டீ, 22ன்னா 80 டீ. இப்பவும் 2 ரூபாக்கு 20 டீதான் குறையுது, ஸ்லோப் அதேதான், ஆனா விலை 10 சதவீதம் ஏறினதுக்கு அளவு 20 சதவீதம் விழுது, எலாஸ்டிசிட்டி 2, கல்லா 2000ல இருந்து 1760 ஆயிருது. ஒரே கோடு, ஒரு இடத்துல விலை ஏத்தினா லாபம், இன்னொரு இடத்துல நஷ்டம்னு சொல்ல வந்தேன், லாபம்னு சொல்லக்கூடாது, வருமானம், செலவ நாம இன்னும் கணக்குல எடுக்கல. நடுவுல 15 ரூபால 150 டீ, 2250, அந்த கோட்டுல இத விட அதிக வருமானம் வேற எந்த விலைலயும் கிடைக்காது. இந்த கணக்க ஒரு தடவ கையால போட்டு பாருங்க.

மிட்ஆஃப்:
எம்சி, ஏசிக்கு கிரிக்கெட் ஆவரேஜ் போதும். ஒருத்தர் 4 இன்னிங்ஸ்ல (எல்லாத்துலயும் அவுட்) 160 ரன், ஆவரேஜ் 40. அடுத்து 20 அடிச்சா ஆவரேஜ் 36. அதுக்கடுத்து 30 அடிக்கிறார், போன தடவைய விட அதிகம்தான், ஆனாலும் ஆவரேஜ் 35க்கு இறங்குது, ஏன்னா 30 இன்னும் 36க்கு கீழதான. அடுத்து 35, ஆவரேஜ் அப்படியே 35. அடுத்து 50 அடிச்சதும் ஏறிருச்சு. புதுசா அடிக்கிற ஸ்கோர்தான் எம்சி. அது ஏற ஆரம்பிச்ச பிறகும் ஏசி இறங்கிட்டே இருக்கும், ரெண்டும் சமமாகுற இடத்துலதான் ஏசி இறங்குறத நிறுத்தும், அதுதான் அடிமட்டம்.

செம்பருத்தி:
அண்ணா ரெண்டாவது தடவ எண்ணிட்டன்னு சொன்னீங்கல்ல, அந்த வரிய நாலு தடவ படிச்சேன், இப்ப புரியுது. ஆவரேஜ் கணக்கும் போட்டு பாத்துட்டேன், சரியா வருது. நானே ஒன்னு யோசிச்சேன், சரியான்னு பாருங்க: உலக மார்க்கெட்ல கச்சா எண்ணெய் விலை ஏறி பெட்ரோல் விலை ஏறுது. பெட்ரோலுக்கு டிமாண்ட் கோடு நகராது, அது மேலயே மேல போவோம். ஆனா பெட்ரோல் ஸ்கூட்டருக்கு டிமாண்ட் கோடு இடது பக்கம் நகரும், ஏன்னா அதோட விலை மாறல, கூட சேர்ந்து ஓடுற பொருளோட விலை மாறிருக்கு.

வேம்படி:
சரிதாம்மா. ரெண்டையும் ஒரே படத்துல போடாத, தனித்தனியா வரை. பெட்ரோல் படத்துல சப்ளை கோடு நகர்ந்ததையும், ஏன் நகர்ந்துச்சுன்னும் முதல் வரிலயே எழுதிரு.